ஆப்பிரிக்கத் தரைவண்டுகள்: உறவுக் குலங்களைப் பிரித்தறியும் முறை

ஆப்பிரிக்கக் கண்டத்தின் வறண்ட புல்வெளிகளிலும் மணற்பாங்கான நிலங்களிலும் கரிய நிறமும் வெண்புள்ளிகளும் உடைய பெரிய வண்டுகள் பல தரையில் விரைந்தோடித் திரிகின்றன. முதற்பார்வைக்கு அவை யாவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை போலத் தோன்றும். உண்மையில் அவற்றுள் சில நெருங்கிய உறவின. சில தொலைவான உறவின. இன்னும் சில, உருவொற்றுமையைத் தவிர வேறு உறவே இல்லாதவை. இவற்றைப் பிரித்தறியும் முறையைக் கற்பிப்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

தொலைவிலுள்ள ஒரு கண்டத்தின் வண்டுகளைப் பற்றி நாம் ஏன் அறிய வேண்டும் என்ற வினா எழலாம். அதற்கு இரு விடைகள் உண்டு. முதலாவதாக, இங்கு விவரிக்கப்படும் பேரினங்கள் சிலவற்றின் உறவினர் நம் நாட்டிலும் வாழ்கின்றனர். இரண்டாவதாக, வகைப்படுத்தும் கலையில் மாணவர் செய்யும் முதற்பிழை நிறத்தை நம்புவதாகும். அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதை ஆப்பிரிக்கத் தரைவண்டுகளைப் போல் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறொன்று எளிதிற் கிடைப்பதன்று.

தரைவண்டுக் குடும்பத்தின் பொது அடையாளங்கள்

தரைவண்டுகள் காராபிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகெங்கும் ஏறத்தாழ 40,000 இனங்கள் இக்குடும்பத்தில் விவரிக்கப்பட்டுள்ளன. இவற்றுட் பெரும்பாலானவை பிற பூச்சிகளையும் புழுக்களையும் வேட்டையாடி உண்பவை. ஆகவே, பயிர்த்தொழில் நோக்கில் இவை பெரும்பாலும் நண்பர்களே.

இக்குடும்பத்தை அறிய வண்டினை மல்லாத்திப் பார்த்தல் வேண்டும். பின்கால் உடலோடு சேருமிடத்தில் உள்ள அடித்துண்டு அசையாதபடி மார்பின் அடிப்புறத்தோடு ஒட்டியிருக்கும். அது பின்னோக்கி நீண்டு, வயிற்றின் முதல் தகட்டை வலம் இடம் என இரு கூறாகப் பிரித்துவிடும். பின்தொடையின் அடியில் மொச்சை விதை போன்ற சிறு துண்டு ஒன்று புடைத்து நிற்கும். எல்லாக் கால்களிலும் பாதத்தில் ஐந்து கணுக்கள் இருக்கும். உணர்கொம்புகள் பெரும்பாலும் நூல் போன்று மெலிந்து, பதினொரு கணுக்களை உடையனவாய், கண்ணுக்கும் வெட்டுத்தாடைக்கும் இடையில் தலையின் பக்கவாட்டில் தோன்றும்.

இவ்வடையாளங்களைக் கொண்டு இரு பொய்யுறவுகளை முதலிலேயே விலக்கலாம். வறண்ட நிலங்களில் மிகுதியாகக் காணப்படும் கருவண்டுகள் டெனிபிரியானிடே என்னும் வேறு குடும்பத்தவை. அவற்றின் பின்பாதத்தில் நான்கு கணுக்களே உண்டு. உணர்கொம்பின் அடி தலையோரத்து விளிம்பின் கீழ் மறைந்திருக்கும். வயிற்றின் முதல் தகடு பிரிவுபடாது. தென்னாப்பிரிக்காவின் மான்டிகோரா என்னும் பேருருவ வண்டு புலிவண்டுக் கூட்டத்தைச் சேர்ந்தது. இது தரைவண்டுகளுக்கு மிக நெருங்கிய உறவினது. சிலர் புலிவண்டுகளைத் தனிக் குடும்பமாகவும், சிலர் காராபிடேயின் உட்பிரிவாகவும் கொள்வர். எவ்வாறு கொண்டாலும், புலிவண்டின் உணர்கொம்பு பக்கவாட்டில் அன்றி, வெட்டுத்தாடையின் அடிக்கு மேலே நெற்றியில் தோன்றும் என்பதே பிரித்தறியும் குறியாகும்.

நிறம் ஏன் ஏமாற்றுகிறது

கருமையும் வெண்மையும் கலந்த தோற்றம் இவ்வண்டுகளுக்கு அணிகலன் அன்று. அஃது ஓர் எச்சரிக்கைப் பலகையாகும். ஆந்தியா, தெர்மோபிலம் முதலிய பேரினங்கள் வயிற்றின் முனையிலுள்ள சுரப்பிகளிலிருந்து கடும் அமிலத்தைப் பீய்ச்ச வல்லவை. அதன் பெரும்பகுதி பார்மிக் அமிலம். எறும்புகளிடம் உள்ள அதே அமிலம். குனிந்து நோக்குவோரின் கண்ணை அது எட்டும். தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கான் மொழி பேசுவோர் இவ்வண்டை 'ஊக்பிஸ்டர்' என்பர். கண்ணில் சிறுநீர் பாய்ச்சுவது என்பது அப்பெயரின் பொருள். பட்டறிந்தவர் இட்ட பெயர் அது.

ஒருமுறை அமிலத்தின் சுவை கண்ட பறவையோ விலங்கோ கரிய உடலில் வெண்புள்ளிகளைக் கண்டால் மறுமுறை விலகிச் செல்லும். எனவே, தற்காப்பு உடைய பல இனங்கள் ஒரே வகை நிறத்தைப் பூண்டிருத்தல் எல்லாவற்றிற்கும் ஆதாயமாகிறது. பகை விலங்கு ஒரு பாடம் கற்றால் போதும். தற்காப்பு இல்லாத உயிர்களும் இதே உடையை இரவல் வாங்கிக் கொள்கின்றன. கலஹாரிப் பகுதியில் வாழும் ஹெலியோபோலஸ் லூகுப்ரிஸ் என்னும் பல்லியின் குஞ்சுகள் கரிய உடலும் வெண்குறிகளும் கொண்டு, முதுகை வில்போல் வளைத்து விறைப்பாக நடக்கின்றன. வளர்ந்த பல்லியோ மணல் நிறத்ததாய், ஏனைய பல்லிகளைப் போலவே நடக்கிறது. குஞ்சுகள் ஊக்பிஸ்டர் வண்டுகளைப் போலிசெய்கின்றன என்பதை ஹ்யூயி, பியாங்கா என்னும் இரு அறிஞர்கள் 1977ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

முதுகெலும்புள்ள ஒரு பிராணியே இவ்வண்டின் தோற்றத்தைப் பூண முடியுமாயின், வண்டுகளுக்குள் நிற ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது என்பதைத் தனியே வற்புறுத்த வேண்டுவதில்லை. மேலும், இப்புள்ளிகள் பெரும்பாலும் ஓட்டின் நிறம் அல்ல. ஓட்டின் மீது படிந்த குறுமயிர்களால் ஆனவை. முதிர்ந்த வண்டுகளில் இம்மயிர்கள் தேய்ந்து உதிர்ந்துவிடும். அருங்காட்சியகத்தில் பல்லாண்டு கிடந்த மாதிரிகளில் எண்ணெய் கசிந்து புள்ளிகள் மங்குவதும் உண்டு. ஆகவே, புள்ளி இல்லாத வண்டு புள்ளியற்ற இனத்தது என்று முடிவுசெய்தலும் பிழையாகும்.

முதற்குலம்: ஆந்தியாவும் அதன் சுற்றமும்

குடும்பத்திற்கும் பேரினத்திற்கும் இடைப்பட்ட பிரிவை நாம் இங்குக் குலம் என்று வழங்குவோம். ஆந்தியாக் குலத்தின் வண்டுகள் பெரும்பாலும் பெரியவை. பேரினங்கள் சிலவற்றில் உடல்நீளம் 50 மி.மீட்டரையும் எட்டும். பறக்கும் சிறகுகள் இல்லை. மேற்சிறகு உறைகள் இரண்டும் உடலைக் கவசம் போல் மூடியிருக்கும். கால்கள் நீண்டவை, ஓட்டம் விரைவானது. மேலுதடு பெரிதாய் முன்னோக்கி நீண்டிருக்கும். மார்புக் கவசத்திற்கும் சிறகு உறைக்கும் இடையில் இடை ஒடுங்கித் தெரியும்.

இக்குலத்தில் களப் பணியாளர் முதலில் அறிய வேண்டிய பேரினங்கள் மூன்று. ஆந்தியா என்னும் பேரினத்தை வேபர் என்பவர் 1801ஆம் ஆண்டு அமைத்தார். சைபோலோபா என்பதை ஷோதுவார் 1850ஆம் ஆண்டு பிரித்தார். தெர்மோபிலம் என்பதைப் பசிலெவ்ஸ்கி 1950ஆம் ஆண்டு நிறுவினார். பசிலெவ்ஸ்கி பெல்ஜிய நாட்டில் தெர்வூரன் நகரிலுள்ள மத்திய ஆப்பிரிக்க அருங்காட்சியகத்தில் பணியாற்றி, ஆப்பிரிக்கத் தரைவண்டுகளை நீண்டகாலம் ஆராய்ந்தவர்.

இம்மூன்றையும் பிரிக்கும் வழி வருமாறு. சைபோலோபா உடல் மெலிந்தது. ஏனைய இரண்டினும் சிறியது. சிறகு உறைகள் குறுகி, அவற்றின் மேல் குழிகளோ வரம்புகளோ வரிசையாக அமைந்திருக்கும். ஆந்தியாவும் தெர்மோபிலமும் உடல் பருத்தவை. இவ்விரண்டையும் பிரிக்க ஆண் வண்டினை நோக்க வேண்டும். ஆந்தியாவின் பல இனங்களில் ஆணின் மார்புக் கவசம் பின்புறம் மடல்களாக நீண்டிருக்கும். வெட்டுத்தாடைகளும் பெண்ணினுடையவற்றைக் காட்டிலும் பெரியவை. தெர்மோபிலத்தில் ஆணின் மார்புக் கவசம் இவ்வாறு நீளாது. பல இனங்களின் சிறகு உறைகளில் ஆழ்ந்த நீள்கோடுகள் உண்டு.

இங்கு ஒரு படிப்பினை உள்ளது. பேரினத்தைப் பிரிக்கும் சிறந்த குறி ஆணிடம் மட்டும் இருக்குமாயின், ஒரே ஒரு பெண் வண்டினைக் கையில் வைத்துக் கொண்டு பேரினத்தை உறுதியாகக் கூற இயலாது. அதனாலேயே அறிஞரிடையேயும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. சஹாரா பாலைவனத்தின் புகழ்பெற்ற வண்டு ஒன்றினைச் சில நூல்கள் ஆந்தியா செக்ஸ்மாக்குலாட்டா என்றும், சில நூல்கள் தெர்மோபிலம் செக்ஸ்மாக்குலாட்டம் என்றும் குறிக்கின்றன. இரண்டும் ஒரே உயிரின் பெயர்களே. மாணவர் இவற்றை இரு வேறு வண்டுகள் என எண்ணிவிடலாகாது.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. நம் நாட்டில் வாழும் ஆந்தியா செக்ஸ்கட்டாட்டா என்னும் வண்டின் பெயருக்கு ஆறு துளிகளை உடையது என்பது பொருள். சஹாரா வண்டின் பெயருக்கு ஆறு புள்ளிகளை உடையது என்பது பொருள். பெயரின் பொருள் ஏறத்தாழ ஒன்று, இனங்களோ இரண்டு. 'ஆறுபுள்ளி வண்டு' என்று மட்டும் ஏட்டில் குறித்தால், அக்குறிப்பு எவ்வினத்தைப் பற்றியது என்பதைப் பின்வருவோர் அறிய வழியில்லை.

இரண்டாங்குலம்: கிராபிப்டீரஸ்

ஆந்தியாவுடன் அடிக்கடி ஒன்றாகக் காணப்படுவதும் அதனோடு குழப்பப்படுவதும் கிராபிப்டீரஸ் ஆகும். இப்பேரினத்தை லாத்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1802ஆம் ஆண்டு அமைத்தார். இதற்கும் பறக்கும் சிறகுகள் இல்லை. இதுவும் கரிய உடலில் வெண்மயிர்க் குறிகள் பூண்டது. இதுவும் வெயில் நிறைந்த மணற்பரப்பில் ஓடுவது. ஆயினும் உடலமைப்பு வேறு. ஆந்தியாவின் சிறகு உறை நீண்டு குவிந்தது. கிராபிப்டீரஸின் சிறகு உறையோ அகன்று, தட்டையாகி, ஏறக்குறைய வட்டத் தட்டுப் போன்றது. அதன்மேல் குறுமயிர்கள் படிந்து வெல்வெட்டுத் துணி போன்ற தோற்றத்தைத் தரும். பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும்.

சஹாராவில் கிராபிப்டீரஸ் செர்ராட்டர் என்னும் வண்டும் மேற்கூறிய ஆறுபுள்ளி வண்டும் எறும்புகளை வேட்டையாடி வாழ்வன என ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஒரே இரை, ஒரே மணல், ஒரே வெயில், ஒரே பகைவர். இத்தகைய சூழலில் தோற்றமும் ஒத்திருத்தல் வியப்பன்று. ஆகவே, உறவை அறியச் சூழலால் எளிதில் மாறும் குறிகளை விடுத்து, மாறாதிருக்கும் அமைப்புக் குறிகளை நாட வேண்டும்.

கிராபிப்டீரஸ் செர்ராட்டரின் வரலாறு அறியத்தக்கது. இதனை முதலில் விவரித்தவர் போர்ஸ்கால் என்னும் ஸ்வீடன் நாட்டு இயற்கையறிஞர். டென்மார்க் அரசர் அனுப்பிய கிழக்கு நாட்டுப் பயணக் குழுவில் சென்ற அவர் 1763ஆம் ஆண்டு யேமனில் காலமானார்; அவர் எழுதிவைத்த குறிப்புகள் 1775ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. அந்நாள் முதல் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக, வட ஆப்பிரிக்காவிலும் அதனை அடுத்த மேற்கு ஆசியப் பாலை நிலங்களிலும் காணப்பட்ட ஒத்த உருவின வண்டுகள் இப்பெயரைச் சுற்றியே அடுக்கப்பட்டு வந்தன. 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு மறுஆய்வு, ஐந்து இனங்கள் மட்டுமே கொண்டதாகக் கருதப்பட்ட செர்ராட்டர் குழுவில் உண்மையில் பதினைந்து இனங்கள் உள்ளன என்று நிறுவியது.

இம்முடிவின் முக்கியத்துவத்தைச் சற்றே சிந்திப்போம். சிறகில்லாத வண்டு தன் மணற்பரப்பை விட்டு வெகுதூரம் செல்ல இயலாது. இடையில் ஒரு மலைத்தொடரோ பாறை நிலமோ குறுக்கிட்டால், இருபுறத்து வண்டுகளும் கலப்பின்றிப் பிரிந்து, காலப்போக்கில் தனித்தனி இனங்களாகின்றன. எனவே, பரந்த நாடுகளெங்கும் வாழும் ஒரே இனம் என்று நாம் கருதியது, சிறுசிறு எல்லைகளுக்குள் வாழும் பல இனங்களாக இருக்கலாம். பரந்த இனமாயின், ஒரு கடற்கரையின் மணல்மேடுகளை வெட்டியெடுத்து வீடு கட்டினாலும் அவ்வினம் வேறிடத்தில் பிழைத்திருக்கும். சிற்றெல்லை இனமாயினோ, அம்மணல்மேட்டுடன் அவ்வினமும் மறையும். மறைந்தது என்பதும் எவருக்கும் தெரியாது. பெயரிடப்படாத உயிரின் அழிவு எவ்வேட்டிலும் பதிவாவதில்லை. வகைப்படுத்தல் வெறும் பெயர் சூட்டும் விளையாட்டன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வெடிவண்டுகள்: ஒரு தொழில், இரு குலங்கள்

தற்காப்பு முறையைக் கொண்டு வகைப்படுத்தலாமே எனச் சிலர் எண்ணக்கூடும். அதுவும் போதாது என்பதை வெடிவண்டுகள் காட்டுகின்றன.

பிராக்கினஸ் குலத்து வண்டுகளின் சுரப்பியில் இரு அறைகள் உண்டு. ஓர் அறையில் ஹைட்ரோகுவினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து நிற்கும். மற்றோர் அறையில் நொதிகள் உள்ளன. ஆபத்து நேரும்போது முதலறையின் நீர்மம் இரண்டாமறைக்குள் பாய, நொடியில் வேதிமாற்றம் நிகழ்ந்து, குவினோன்கள் வெடியோசையுடன் வெளிப்படும். அப்போது வெப்பம் 100 டிகிரி சென்டிகிரேடை எட்டுகிறது என்று 1969ஆம் ஆண்டு ஆராய்ச்சி ஒன்று காட்டியது. கென்ய நாட்டு வெடிவண்டாகிய ஸ்டெனாப்டினஸ் இன்சிக்னிஸ், இந்நீர்மத்தை ஒரே தாரையாக அன்றி, நொடிக்கு ஏறத்தாழ 500 துடிப்புகளாகப் பீய்ச்சுகிறது என்பது 1990ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆராய்ச்சியின் முடிவு. வயிற்றின் முனையைத் திருப்பி, வேண்டிய திசையில் குறிபார்க்கவும் இக்குலத்து வண்டுகள் வல்லவை.

பாஸ்ஸஸ் குலத்து வண்டுகளும் இவ்வாறே சூடான குவினோன்களை வெளியிடுகின்றன. ஆனால் அவை குறிபார்க்கும் வழி வேறு. சிறகு உறையின் பின்முனைக்கு அருகில் வளைந்த விளிம்பு ஒன்று உண்டு. நீர்மம் அவ்விளிம்பை ஒட்டி வளைந்து முன்னோக்கித் திரும்புகிறது. மேலும் இவற்றின் வாழ்க்கையும் வேறு: பாஸ்ஸஸ் வண்டுகள் எறும்புப் புற்றுகளில் வாழ்கின்றன. உணர்கொம்பு நூல் போலன்றி, கணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து அகன்ற தட்டாகியிருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இரண்டே கணுக்கள் தெரியும். தரைவண்டுக் குடும்பத்திற்குள் இவ்விரு குலங்களும் தொலைவில் நிற்பவை. ஆதலால், வெடிக்கும் தற்காப்பு இருமுறை தனித்தனியே தோன்றியது என்னும் கருத்து வலுவுடையதாகும்.

பிராக்கினஸ் குலத்தை அறிய எளிய குறி ஒன்று உண்டு. இவற்றின் சிறகு உறைகள் பின்முனையில் கத்தியால் வெட்டியது போல் முடிந்து, வயிற்றின் நுனி வெளியே தெரியும். ஆனால் இது மட்டும் போதாது. லெபியாக் குலத்து வண்டுகளின் சிறகு உறையும் இவ்வாறே முடியும். அதனால் வயிற்றின் அடித்தகடுகளை எண்ண வேண்டும். பெரும்பாலான தரைவண்டுகளில் ஆறு தகடுகள் தெரியும். பிராக்கினஸ் குலத்திலோ பெண்ணுக்கு ஏழும் ஆணுக்கு எட்டும் தெரியும்.

லெபியாக் குலத்தைச் சேர்ந்த லெபிஸ்டினா என்னும் ஆப்பிரிக்க வண்டு பற்றி ஒரு செய்தி. கலஹாரியில் வாழும் சான் மக்கள் டயாம்பிடியா என்னும் இலைவண்டின் புழுக்களிலிருந்து அம்பு நஞ்சு தயாரித்து வந்தனர். கிளுவைச் சாதிச் செடிகளை உண்ணும் அவ்விலைவண்டின் புழுக்கள் செடியடியில் மண்ணுள் கூடமைத்துக் கிடக்கும். லெபிஸ்டினாவின் புழுவோ அவ்விலைவண்டின் மேல் ஒட்டுண்ணியாக வாழ்வது. சான் வேடர் மண்ணைத் தோண்டி இவ்விருவகைப் புழுக்களையும் எடுத்து நஞ்சுக்குப் பயன்படுத்தியுள்ளனர். நூலறிவில்லாத வேடரும் செடியையும் மண்ணையும் கூட்டையும் சேர்த்தே நோக்கித் தாம் தேடும் உயிரை அறிந்தனர் என்பது களப் பணியாளர் கவனிக்கத்தக்கது.

பிரித்தறியும் வரிசை

கீழ்க்காணும் வரிசையைப் பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி ஒன்றைக் கொண்டு பின்பற்றலாம். ஒவ்வொரு படியிலும் விடையைத் தாளில் குறித்த பின்னரே அடுத்த படிக்குச் செல்க.

1. பின்காலின் அடித்துண்டு வயிற்றின் முதல் தகட்டை இரு கூறாகப் பிரிக்கிறதா? பிரிக்கவில்லையாயின் அது தரைவண்டு அன்று. பிரிக்குமாயின் 2க்குச் செல்க.

2. உணர்கொம்பு வெட்டுத்தாடையின் அடிக்கு மேலே நெற்றியில் தோன்றுமாயின் புலிவண்டுக் கூட்டம். கண்ணுக்கும் தாடைக்கும் இடையில் பக்கவாட்டில் தோன்றுமாயின் 3க்குச் செல்க.

3. உணர்கொம்பு அகன்ற தட்டுப் போன்று, இரண்டு கணுக்களே உடையதாகத் தோன்றுமாயின் பாஸ்ஸஸ். நூல் போன்று பதினொரு கணுக்கள் இருப்பின் 4க்குச் செல்க.

4. சிறகு உறை பின்முனையில் வெட்டுண்டு, வயிற்றுத் தகடுகள் ஏழோ எட்டோ தெரியுமாயின் பிராக்கினஸ் குலம். ஆறு தகடுகள் தெரியுமாயின் 5க்குச் செல்க.

5. வண்டு சிறகற்று, கரிய உடலில் மயிர்க்குறிகளோ அவை தேய்ந்த அடையாளமோ கொண்டு, மேலுதடு பெரிதாக நீண்டிருப்பின் 6க்குச் செல்க. இல்லையெனின் லெபியா முதலிய வேறு குலங்கள். அவற்றைத் தனியே ஆராய்க.

6. உடல் தட்டை, சிறகு உறை ஏறக்குறைய வட்டம், மேலே படிந்த குறுமயிர்: கிராபிப்டீரஸ் குலம். உடல் நீண்டு குவிந்து, இடை ஒடுங்கியிருப்பின் ஆந்தியாக் குலம், 7க்குச் செல்க.

7. உடல் மெலிந்து, சிறகு உறையில் குழிகளோ வரம்புகளோ வரிசையாக அமைந்திருப்பின் சைபோலோபாவாகக் கருதலாம். உடல் பருத்திருப்பின் 8க்குச் செல்க.

8. ஆணின் மார்புக் கவசம் பின்புறம் மடலாக நீண்டிருப்பின் ஆந்தியா. நீளாதிருப்பின் தெர்மோபிலமாகலாம். பெண் வண்டு மட்டும் கிடைத்திருப்பின், 'ஆந்தியாக் குலம், பேரினம் ஐயம்' என்று எழுதி நிறுத்துக.

இவ்வரிசையில் நிறத்தைப் பற்றிய வினா ஐந்தாம் படியில்தான் வருகிறது என்பதையும், அங்கும் அது தனித்து நிற்கவில்லை என்பதையும் ஆசிரியர் மாணவருக்குச் சுட்டிக் காட்டுக. எட்டாம் படியின் இறுதி வாக்கியமும் அதே அளவு முக்கியமானது. ஐயத்தை ஐயமென்றே எழுதிய குறிப்பைப் பின்வருவோர் திருத்தி நிறைவுசெய்யலாம். ஐயத்தை மறைத்துத் துணிந்து எழுதிய பெயரோ, ஏட்டிலிருந்து ஏட்டிற்குச் சென்று பல்லாண்டுகள் பிழையாகவே நிலைத்துவிடும்.

களத்தில் கவனிக்க வேண்டியவை

உயிருள்ள வண்டினை முகத்திற்கு அருகில் கொண்டு செல்லலாகாது. கண்ணாடிக் குடுவைக்குள் இட்டு மூடிய பின்னரே நோக்குதல் நலம். பள்ளி மாணவர் வெறுங்கையால் எடுக்க அனுமதித்தல் கூடாது. சுரப்பு நீர் கண்ணில் பட்டுவிட்டால், கசக்காமல், உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

மாதிரி ஒவ்வொன்றுடனும் சீட்டு ஒன்று இணைக்கப்படல் வேண்டும். இடம், நாள், மண்ணின் தன்மை, அருகிலிருந்த செடிகள், எறும்புப் புற்று உண்டா இல்லையா என்பவை அதில் குறிக்கப்படுக. சிறகற்ற வண்டுகளின் ஆராய்ச்சியில் இடக்குறிப்பு இல்லாத மாதிரிக்கு மதிப்பு மிகக் குறைவு. ஒரு மணற்பரப்பின் வண்டு மறு மணற்பரப்பின் வண்டிலிருந்து வேறான இனமாக இருக்கக்கூடும் என்பதை மேலே கண்டோம். இயலுமாயின் ஆணும் பெண்ணுமாகச் சில மாதிரிகளே போதும். காண்பனவற்றையெல்லாம் பிடித்தல் வேண்டா. இவை வேட்டையாடும் நல்லுயிர்கள் என்பதை மறத்தலாகாது. உருவம் கண்டு அஞ்சி மிதித்துக் கொல்லும் வழக்கம் கிராமங்களில் இருப்பின், அதனைக் களைவதும் களப் பணியாளரின் கடமையாகும்.

வகுப்பறைப் பயிற்சி

ஆப்பிரிக்க வண்டுகள் நம் பள்ளிகளுக்குக் கிடைப்பது அரிது. ஆயினும் இப்பாடத்தை இந்தியாவிலேயே பழகலாம். ஆந்தியா செக்ஸ்கட்டாட்டா நம் நாட்டின் வறண்ட நிலங்களில் உள்ளது. அதன் ஆறு வெண்புள்ளிகளுள் இரண்டு மார்புக் கவசத்திலும் நான்கு சிறகு உறைகளிலும் அமைந்துள்ளன. பிராக்கினஸ் குலத்தைச் சேர்ந்த பெரோப்சோபஸ் வெடிவண்டுகளும், எறும்புப் புற்றுகளில் வாழும் பாஸ்ஸஸ் வண்டுகளும் இந்தியாவில் உண்டு. டெனிபிரியானிடே குடும்பத்துக் கருவண்டுகளோ தானியக் கிடங்குகளிலும் தோட்டங்களிலும் எளிதில் கிடைப்பவை.

இறந்த மாதிரிகள் சிலவற்றைச் சேகரித்து, மாணவரை இரு பிரிவுகளாக்குக. ஒரு பிரிவினர் நிறத்தையும் அளவையும் மட்டும் கொண்டு அவற்றைக் குழுக்களாகப் பிரிக்கட்டும். மற்றொரு பிரிவினர் மேற்கூறிய வரிசையைப் பின்பற்றட்டும். பின்னர் இரு பட்டியல்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, எவ்விடத்தில் வேறுபடுகின்றன என்பதை மாணவரே கூறுமாறு செய்க. கருமையான தரைவண்டும் கருமையான டெனிபிரியானிடே வண்டும் முதற்பட்டியலில் ஒரே குழுவில் இருக்கக் காணலாம். அவற்றை மல்லாத்தி, பின்பாதத்துக் கணுக்களை எண்ணச் சொல்க. ஒன்றில் ஐந்து, மற்றொன்றில் நான்கு என்று மாணவர் தாமே எண்ணிக் கண்ட பின், ஆசிரியர் வேறு விளக்கம் கூற வேண்டிய தேவை இராது.